திரும்பி வராத கிண்ணங்கள்

நம் பட்டறையில் இந்த மாதம் சேர்ந்த உங்கள் ஆறு பேருக்கும் ஏதாவது சொல்லச் சொல்லி வேலையை விட்டு வீட்டிலிருக்கும் என்னை முதலாளி போன சனிக்கிழமை வரவழைத்தார். வந்தேன். கரண்ட் இல்லாமல் வெளியே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. நான் பேசியதில் பாதி எனக்கே கேட்கவில்லை. உளியை எந்தச் சாய்வில் தீட்ட வேண்டும், எந்த மரத்துக்கு எந்த எண்ணெய் என்று எதையோ சொல்லிவிட்டு, டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். படாளத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதுதான், சொல்ல வேண்டியதைச் சொல்லவே இல்லை என்று உறைத்தது. அதனால் எழுதுகிறேன்.

நம் வேலை தெரியாத யார் கையிலாவது இந்தத் தாள் கிடைத்தால் அவர்களுக்காக இரண்டு வரி. லேத்தில் கடைந்த மரக்கிண்ணத்தின் வெளிப்பக்கம், விளிம்பிலிருந்து அடிவரை, வரிசையாக அரைவட்டப் பள்ளங்கள் வெட்டுவோம். அந்தப் பள்ளத்துக்குக் காடி என்று பெயர். இரண்டு காடிகளுக்கு நடுவே கூராக நிற்கும் மேட்டை இங்கே எல்லாரும் வரப்பு என்கிறார்கள். அது நான் வைத்த பெயர். எங்கள் வீட்டில் எல்லாரும் பயிர் வைத்தவர்கள், எனக்கு வேறு வார்த்தை வரவில்லை.

நான் இந்த வேலைக்கு வந்தபோது எனக்கு நாற்பத்தொரு வயது. அதுவரை ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிக்குப் பாடி கட்டும் கடையில் தச்சன். அங்கே ஒரு விரல்கடை முன்னே பின்னே இருந்தால் ஆணி அடித்துச் சரிசெய்துவிடலாம். இங்கே வந்து முதல் மாதம் ஒரு பூவரசங்கிண்ணத்தில் இருபத்துநாலு காடி வெட்டினேன். அப்போது சுற்றளவைச் சமமாகப் பிரித்துக்கொடுக்கும் துளைத்தட்டு எல்லாம் கிடையாது, காம்பஸ் வைத்துப் பிரித்துப் பென்சிலால் கோடு போடுவோம். கடைசிக் காடிக்கு இடம் பாதிதான் மிஞ்சியது. அதை ஒல்லியாக வெட்டி, மேலே நன்றாகத் தேய்த்துவிட்டு, அந்தப் பக்கம் சுவரைப் பார்க்கும்படி அலமாரியில் வைத்தேன்.

அப்போது லேத்தில் இருந்தவன் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன். பிறகு வேறு ஊருக்குப் போய்விட்டான். தன் பெயரை எங்கேயும் சொல்ல வேண்டாம் என்பான், அதனால் எழுதவில்லை. கிண்ணத்தை எடுத்துக் கையில் சுற்றிப் பார்த்தான். சத்தம் போடவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"எத்தினியாவது காடில உனக்குத் தெரிஞ்சிச்சுண்ணா?"

பதினெட்டாவதில் என்றேன். உண்மையும் அதுதான். பதினெட்டாவது வெட்டும்போதே கோடு தள்ளிப்போயிருப்பதைப் பார்த்தேன். கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

"பதினெட்டுல நிறுத்தியிருந்தா மிச்சம் ஆறுல கொஞ்சங் கொஞ்சமா தள்ளி வுட்டிருக்கலாம். யாருக்கும் தெரிஞ்சிருக்காது" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அந்தக் கிண்ணத்தில் டீக்கு பிஸ்கட் போட்டு ஒரு வருடம் பட்டறையில் வைத்திருந்தான். தினமும் இரண்டு வேளை நான் அதிலிருந்து எடுத்துத் தின்றேன்.

பிழை யாருக்கும் வரும். அது தெரிந்த பிறகும் கையை ஓட்டுவதுதான் ஆபத்து என்று அன்று புரிந்துகொண்டேன். புரிந்துகொண்டதாக நினைத்தேன் என்று சொல்வதே சரி. பத்து வருடம் கழித்து அதே தப்பை, இதைவிடப் பெரிதாக, இன்னொருத்தர் கையை வைத்துச் செய்தேன். அதைத்தான் சனிக்கிழமை சொல்லியிருக்க வேண்டும்.

உங்களுக்குக் கஸ்தூரியைத் தெரியும். ஜன்னலோரம் பெரிய மேசையில் உட்கார்ந்து, நீங்கள் கொண்டுபோய்க் கொடுக்கும் கிண்ணத்தில் பாதியைத் திருப்பி அனுப்புகிறாளே, அவள்தான். அவளைப் பற்றி நீங்கள் பேசிக்கொள்வது என் காதுக்கும் வந்தது. உங்களுக்குத் தெரியாதது, அவள் இந்தப் பட்டறையிலேயே மிகச் சிறந்த காடிக்காரியாக இருந்தவள் என்பது.

சதுரங்கப்பட்டினத்தில் கோட்டைக்குப் பின்னால் மீனவர் தெருவில் அவள் வீடு. புருஷன் போட்டில் போகிறவர், இரண்டு பெண் பிள்ளைகள். இங்கே உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும் வேலைக்குத்தான் வந்தாள். ஒரு மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனபோது, கழித்துப் போட்ட ஒரு கிண்ணத்தில் என் உளியை வைத்து அவளாகவே நாலு காடி வெட்டியிருந்தாள். நான் வந்து பார்த்தேன். கையை உள்ளே இழுத்துக்கொண்டு, "சும்மா வெட்டிப் பாத்தேண்ணா" என்றாள். அந்த நாலும் என்னுடைய நாலைவிட நன்றாக இருந்தன. வலைக்கு முடிச்சுப் போட்டுப் பழகிய கை. எங்கே இறுக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்று அதற்குத் தெரியும்.

முதலாளிக்கு விருப்பமில்லை. தேய்க்கிற பெண்களில் ஒருத்தியை உளிக்கு மாற்றினால் மற்றவர்களும் கேட்பார்கள் என்றார். நான் விடவில்லை. என் பொறுப்பு என்றேன். ஆறே மாதத்தில், மாமல்லபுரம் பார்க்க வருகிறவர்களில் நம் பட்டறைக்கு வருகிறவர்களை முதலாளி நேராக அவள் முன்னால்தான் கொண்டுபோய் நிறுத்தினார். எனக்குள் ஒரு பெருமை. அவளைக் கண்டுபிடித்தவன் நான். இந்தப் பெருமையை மறைக்காமல் எழுதுகிறேன், பின்னால் நடந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

அப்போது எனக்கு மேற்பார்வை வேலை. எல்லார் கிண்ணமும் சாயந்திரம் என் மேசைக்கு வரும். பார்த்து, சரி என்றால் தேய்க்க அனுப்புவேன், குற்றம் இருந்தால் வெட்டினவருக்கே திருப்பி அனுப்புவேன். ஒரு பொங்கல் கழிந்த சமயம் கஸ்தூரியின் கிண்ணம் ஒன்றில், காடி அடியில் முடிகிற இடத்தில், வரப்பு லேசாகச் சில்லு பெயர்ந்திருந்தது. மரத்தின் குற்றம் என்று நினைத்தேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு, யாரும் வருவதற்கு முன்னால், பக்கத்துக் காடி இரண்டையும் ஒரு இழை ஆழமாக்கிச் சில்லை எடுத்துவிட்டேன். பத்து நிமிட வேலை.

அடுத்த வாரம் இன்னொன்று. அதற்கடுத்த வாரம் இரண்டு.

அதற்குள் வேறு சில விஷயங்களும் கண்ணில் பட்டன. டீ கிளாஸை இடது கையால் பிடிக்க ஆரம்பித்தாள். உளிப்பிடியில் சைக்கிள் டியூபைச் சுற்றித் தடியாக்கிக்கொண்டாள். வெட்டிக்கொண்டே இருப்பாள், திடீரென்று நிறுத்தி, தண்ணீரை உதறுவதுபோல் வலது கையை உதறுவாள். என்ன என்று ஒருநாள் கேட்டேன்.

"மரத்து மரத்துப் போவுதுண்ணா. வெரலு இருக்கிறதே தெரியல" என்றாள்.

"மரத்துலயே இருந்தா மரத்துதான் போவும்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொன்னால் முதலாளி அவளைத் திரும்பவும் உப்புத்தாளுக்கு அனுப்பிவிடுவார் என்று பயந்தேன். அது அவளுக்காகப் பட்ட பயம். என் தேர்வு தப்பு என்று அவர் சொல்லிவிடுவார் என்றும் பயந்தேன். அது எனக்காகப் பட்ட பயம். இரண்டையும் சேர்த்து நான் இரக்கம் என்று பெயர் வைத்துக்கொண்டேன். தினமும் ஏழு மணிக்கு வந்தேன். ஆவணி பிறக்கும் வரை அப்படியே ஓடியது.

அந்தச் சமயத்தில்தான் பெரிய கிண்ணம் வந்தது. முட்டுக்காட்டில் கழிமுகத்தைப் பார்த்தபடி ஒருவர் வீடு கட்டிக்கொண்டிருந்தார். ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அந்த மனையில் நின்ற வாகை மரம் புயலில் சாய்ந்துவிட்டது. அதன் அடிமரத்தில் ஒரே ஒரு பெரிய கிண்ணம் செய்து, கிரகப்பிரவேசத்தன்று கூடத்தில் தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்க விட வேண்டும் என்பது அவர் மனைவியின் ஆசை. மரத்தில் நல்லதாக ஒரு கிண்ணத்துக்குத்தான் கட்டை தேறியது. கடைந்து, எட்டு மாதம் உலரவைத்து, இரண்டடி அகலத்தில் பளிங்குபோல் நின்றது. முப்பத்தாறு காடி. வேலை கஸ்தூரிக்கு. அதை வேறு யாருக்கும் கொடுக்க முதலாளிக்கும் தோன்றவில்லை, நானும் தோன்றவிடவில்லை.

லேத்தில் கடையலாம், ஆனால் அதில் பூட்டியபடி காடி வெட்டக் கை எட்டாத அகலம். மணல் மூட்டைக்கு நடுவே கவிழ்த்து வைத்து வெட்டினாள். இரண்டு நாளில் பதினெட்டு காடி முடிந்திருந்தது. மூன்றாம் நாள் காலையில் வந்து பார்த்தேன். இரண்டு இடத்தில் சில்லு. அதை வழக்கம்போல எடுத்தேன். எடுக்கும்போது இன்னொன்றும் தெரிந்தது. கடைசியாக வெட்டிய நாலு காடியும் நடுவில் லேசாக வளைந்திருந்தன. அவள் கைக்கு வளைவு என்பதே கிடையாது. அன்று காலை வேலையை நிறுத்தியிருக்க வேண்டும். விசேஷத்துக்கு நாலு நாள்தான் இருந்தது.

பதினொரு மணிக்கு முட்டுக்காட்டு வீட்டுக்காரரும் மனைவியும் பார்க்க வந்தார்கள். மகள் போனில் படம் எடுத்தாள். கஸ்தூரி பத்தொன்பதாவது காடியை முடித்து இருபதாவதை ஆரம்பித்தாள். நான் நாலடி தள்ளி நின்றேன். அவள் இடது கை உளிக்கு முன்னால் கிண்ணத்தின் மேல் போய் நின்றது. இரண்டு கையும் கூருக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும், இது உங்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்தது. அவளுக்குத் தெரியாதா? வலது கை நேராகத் தள்ளவில்லை, அதனால் கிண்ணம் திரும்பாமல் இருக்க இடது கையைக் கொண்டுபோய் முட்டுக் கொடுத்திருக்கிறாள். எனக்கு அது அந்த நொடியே புரிந்தது.

'கஸ்தூரி, கொஞ்சம் நிறுத்தும்மா' என்று சொன்னால் போதும். வந்தவர்கள் முன்னால் அவளுக்கு அவமானமாக இருக்குமே என்று வாயை மூடிக்கொண்டேன்.

அந்த இடத்தில் நார் திருகிக்கொண்டு போகிற ஒரு கணு. உளி எகிறியது. இரண்டு வரப்பைக் குறுக்கே கீறிக்கொண்டு வந்து அவள் இடது கட்டைவிரலின் அடியில் பாய்ந்தது. தன் கையைப் பார்த்தாள், பிறகு கிண்ணத்தைப் பார்த்தாள். "ஐயோ, ரத்தம் மரத்துல படப்போவுது" என்று கையைத் தூக்கிக்கொண்டாள்.

பட்டறை வண்டியில் ஏற்றித் திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். துண்டை அழுத்திப் பிடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். வழியெல்லாம் அவள் கேட்டது ஒன்றுதான், மிச்சம் பதினேழை நாலு நாளில் யார் முடிப்பார்கள் என்று.

இடது கைக்குத் தையல் போட்டார்கள். நல்ல வேளையாக நரம்பு தப்பித்தது. தையல் போட்ட டாக்டர் சின்ன வயதுப் பெண். கையெழுத்துப் போடச் சொல்லிப் பேனாவைக் கொடுத்தபோது கஸ்தூரியின் வலது கையிலிருந்து அது நழுவி விழுந்தது. எடுத்துக் கொடுத்தார், மறுபடியும் விழுந்தது. டாக்டர் வெட்டுப்பட்ட கையை விட்டுவிட்டு வலது கையைத் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரல் அடியில் இருக்க வேண்டிய சதை வற்றிப் பள்ளமாகியிருந்தது. மணிக்கட்டில் நரம்பு நசுங்கிக்கொண்டிருக்கிறது, ரொம்ப நாளாக என்றார். ஏன் முன்னாலேயே வரவில்லை என்று கேட்டார்.

"வேலை கெட்டிருந்தா வந்திருப்பேன் டாக்டரம்மா" என்றாள் கஸ்தூரி. "ஒரு கிண்ணங்கூட திரும்பி வரல. அப்புறம் கையில இன்னா கெட்டுப்போச்சின்னு வர்றது? அண்ணனக் கேளுங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். "ஆமாம்மா, ஒண்ணுகூட வரல" என்றேன். அதுவும் உண்மைதான்.

ஆரம்பத்தில் வந்திருந்தால் கட்டுப் போட்டு ஓய்வு கொடுத்தே சரிசெய்யப் பார்த்திருக்கலாம், இப்போது ஆபரேஷன் செய்ய வேண்டும், செய்தாலும் உணர்ச்சி முழுதாகத் திரும்புமா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். கஸ்தூரி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். நான் சுவரோரம் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அவள் புருஷன் வந்து சேர்ந்தபோது என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தேனாம்.

மறுநாள் காலை கிண்ணத்தின் முன்னால் நானும் முதலாளியும் நின்றோம். கீறல் ஆறு மில்லி ஆழம். அதே மரத்தூளைப் பசையில் குழைத்து அடைத்துவிட்டு, மிச்சக் காடியை நான் வெட்டலாம் என்றார் முதலாளி. அப்படி அடைப்பது நமக்கெல்லாம் பழக்கம்தான். ஆனால் தண்ணீர் ஊற்றி வைக்கப்போகிற கிண்ணம். பசை பட்ட இடத்தில் எண்ணெய் இறங்காது, ஒரு மழைக்காலத்தில் அந்த இடம் காட்டிக்கொடுக்கும். இன்னொரு வழி, முப்பத்தாறு காடியையும் கீறல் மறைகிற அளவுக்கு ஆழமாக்குவது. கனம் அளந்து பார்த்தேன். காடியின் அடியில் ஏழு மில்லிதான் மிஞ்சும். கடற்காற்றில் இரண்டடிக் கிண்ணம் அந்தக் கோட்டிலேயே பிளக்கும்.

எதையாவது மறைத்துச் சரிசெய்கிற கை எனக்கு அன்று வரவில்லை. வீட்டுக்காரருக்கு நானே போன் செய்தேன். நேற்று நீங்கள் பார்த்ததுதான், கீறல் எடுபடாது, விசேஷத்துக்குக் கிண்ணம் தயாராகாது, வெளிப்பக்கத்தை முழுக்கச் சீவிக் காடியே இல்லாமல் மொழுக்கென்று தர முடியும் என்றேன். அவர் முதலில், அந்தம்மாவுக்குக் கை எப்படி இருக்கிறது என்று கேட்டார். அதற்கப்புறம், "வரி வரியா இருக்கும்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருந்தோமேப்பா" என்றார். கோபம் இல்லை, ஆனால் அவருக்கு வருத்தம்தான். கிரகப்பிரவேசத்துக்குப் பித்தளை உருளி வைத்துக்கொண்டார்கள்.

கிண்ணத்தை லேத்தில் ஏற்றி நானே சீவினேன். கஸ்தூரி வெட்டிய பத்தொன்பது காடியும் சுருள் சுருளாகக் காலடியில் விழுந்தன. அவற்றில் ஒரு பதினைந்து, என் ஆயுசில் நான் பார்த்ததிலேயே நல்ல காடிகள்.

பத்து நாள் கழித்துச் சதுரங்கப்பட்டினம் போனேன். அவள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் மடியில் கிடந்தன. பெரிய பெண் எனக்குக் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"பெரிய கிண்ணம் இன்னா ஆச்சிண்ணா?" என்றாள்.

சீவிவிட்டதைச் சொன்னேன். "வேற வழி கெடையாது. நானா இருந்தாலும் அதான் செய்வேன்" என்றாள்.

அங்கேயே எழுந்து வந்திருக்கலாம். அவளுக்கு என்மேல் எந்த வருத்தமும் இல்லை. ஆனால் டாக்டரிடம் அவள் சொன்ன சொல் பத்து நாளாக என்னைச் சாப்பிட விடவில்லை. ஒரு கிண்ணங்கூட திரும்பி வரல. அதை நம்பித்தான் அவள் கையைக் கவனிக்காமல் விட்டிருக்கிறாள். சொன்னேன். பொங்கலிலிருந்து காலை ஏழு மணிக்கு வந்தது, சில்லு எடுத்தது, காடியை ஆழமாக்கியது, அன்று உளிக்கு முன்னால் அவள் கை போனதைப் பார்த்தும் வாயை மூடிக்கொண்டு நின்றது, எல்லாவற்றையும் சொன்னேன். ஏன் செய்தேன் என்று சொல்ல ஆரம்பித்தபோது கையைக் காட்டி நிறுத்தினாள்.

"எத்தினி கிண்ணம்?"

"ஒரு முப்பது இருக்கும்."

"எது எதுன்னு தெரியுமா உனக்கு?"

தெரியாது என்றேன். எல்லாம் எங்கெங்கோ போய்விட்டன.

"அப்ப இந்த ஆறு மாசமா செஞ்சதுல எது என்னுது, எது உன்னுதுன்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது" என்றாள். குரல் உயரவில்லை. "என் கை போச்சின்னு உனக்குத் தெரியுது. எனக்குத் தெரியல. என் கைண்ணா இது."

"காப்பியக் குடிச்சிட்டுப் போ" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் குடிக்காமல் வந்தேன்.

ஆபரேஷன் நடந்தது. நான் பார்க்கப் போனபோது புருஷன் பேசினார், அவள் பேசவில்லை. நாலு மாதம் அப்படி. இதற்கிடையில் முதலாளியிடமும் நடந்ததைச் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்ததில் நியாயம் இருந்தது. பட்டறையில் ஒருத்தருக்கு உடம்பு சரியில்லாததை மறைத்து உளியைக் கொடுத்திருக்கிறாய் என்றார். என் வேலையை எடுத்துவிடுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். எடுக்கவில்லை. இனி என்ன செய்யலாம் சொல், என்றார். மேற்பார்வை மேசையைக் கஸ்தூரிக்குக் கொடுங்கள், நான் உளிக்கே திரும்பிப் போகிறேன் என்றேன். அவளுக்கு வலது கையில் பாதி உணர்ச்சிதான் திரும்பியிருந்தது, நாள் முழுக்க உளி தள்ள முடியாது. ஆனால் நல்ல காடி எது என்று அவளைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லை. கண் இருக்கிறது, இடது கை இருக்கிறது.

முதலாளி ஆள் அனுப்பிக் கேட்டார். அவள் நேரில் வந்தாள். வருகிறேன், ஆனால் எனக்கு ஒரு ஏற்பாடு வேண்டும் என்று முதலாளியிடம் சொன்னாள். கிண்ணத்தில் குற்றம் இருந்தால் அதை யாரும் யாருக்காகவும் திருத்தக் கூடாது. குற்றம் இருக்கிற இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டு, வெட்டினவர் கையிலேயே அன்றைக்கே திருப்பிக் கொடுப்பாள். அவர் அவள் கண் முன்னால் உட்கார்ந்து திருத்த வேண்டும். திருத்த முடியாது என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். உடம்பு முடியவில்லை என்றால் அதையும் அங்கேயே சொல்ல வேண்டும்.

உங்களுக்கு எரிச்சலாக இருக்கிற சட்டம் இதுதான். ஸ்கூல் பிள்ளை மாதிரி எல்லார் முன்னாலும் உட்காரவைக்கிறார்கள் என்று நீங்கள் சொன்னீர்களாம். ஆமாம், கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் உங்கள் கை எப்படி இருக்கிறது என்று உங்களுக்குத்தான் முதலில் தெரிய வேண்டும். மேலே இருக்கிறவன் அதை உங்களிடமிருந்து மறைத்தால், எவ்வளவு நல்ல மனசோடு மறைத்தாலும், உங்கள் கையை அவன் எடுத்துக்கொண்டான் என்று அர்த்தம். நாளைக்கு உங்களில் ஒருத்தர் அந்த மேசைக்கு வருவீர்கள். பக்கத்தில் இருப்பவர் வேலை சரிவதைப் பார்ப்பீர்கள். அவர் மனம் நோகாமல் நீங்களே சரிசெய்துவிடலாம் என்று கை துறுதுறுக்கும். அந்த நேரத்துக்காகத்தான் இதை எழுதினேன்.

எழுதுவதற்கு முன்னால் கஸ்தூரியிடம் கேட்டேன். எழுதிக்கோ, ஆனா மொத நாளு நடந்ததையும் சேத்து எழுது என்றாள். சேர்க்கிறேன்.

அவள் அந்த மேசையில் உட்கார்ந்த முதல் நாள் சாயந்திரம், பதினோரு கிண்ணம் அவள் முன்னால் வரிசையாக இருந்தன. அவள் இல்லாத நாலு மாதமும் மேற்பார்வையோடு உளியும் பிடித்ததில் எனக்குப் பழையபடி கை வந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினாள். ஏழாவதாக எடுத்த கிண்ணத்தை மட்டும் இரண்டு முறை திருப்பினாள். சாக்பீஸை எடுத்து ஒரு வட்டம் போட்டாள். அடியில் எழுதியிருந்த பெயரைப் பார்த்தாள். எழுந்து, அவளே நடந்து என் இடத்துக்கு வந்து, கிண்ணத்தை என் மடியில் வைத்தாள்.

"உன்னுதுதாண்ணா" என்றாள். அவள் வாசலில் நான் காப்பியைக் குடிக்காமல் வந்ததற்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. "எட்டாவது காடி."

பார்த்தேன். வரப்பில் கடுகளவு சில்லு, என் கண்ணுக்குத் தப்பியிருந்தது. நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்து உளியை எடுத்தேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.